பிழை உண்டு என்பதும், பிழை எங்கே என்பதும்

கணக்காளன் ஒருவனைக் கட்டுரை எழுதச் சொன்னால் அவன் எண்களைப் பற்றித்தான் எழுதுவான். நானும் அதற்கு விதிவிலக்கல்லன். ஆனால் பயப்பட வேண்டாம். வரவு செலவு அறிக்கை எதையும் இங்கே விரிக்கப் போவதில்லை. ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெருக்கலும் கழித்தலும் தெரிந்த எவரும் இதைத் தொடரலாம். அந்த எண் இதுதான்:

147,573,952,589,676,412,927.

இருபத்தொரு இலக்கங்கள். இந்த எண் 232 ஆண்டுகள் ஒரு தவறான பெயரோடு வாழ்ந்தது. அதன் கதையைச் சென்ற பனிக்காலத்தில் என் மகளுக்குச் சொல்லப் போய், எனக்கே மறந்துபோக வேண்டும் என்று நான் விரும்பிய ஒரு விடயம் நினைவுக்கு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

சதுரங்கப் பலகையும் மூன்று கட்டங்களும்

கேரளத்தில் ஆலப்புழைக்கு அருகே அம்பலப்புழை என்ற ஊரில் உள்ள கிருஷ்ணன் கோயிலின் பால்பாயசம் பிரசித்தமானது. அதற்கு ஒரு கதை சொல்வார்கள். கண்ணன் முனிவர் வேடத்தில் வந்து அரசனோடு சதுரங்கம் ஆடினான். வென்றால் என்ன வேண்டும் என்று அரசன் கேட்க, பலகையின் முதற் கட்டத்தில் ஒரு அரிசி, இரண்டாம் கட்டத்தில் இரண்டு, மூன்றாம் கட்டத்தில் நான்கு, இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டிப்பாக அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் அரிசி தந்தால் போதும் என்றான். இவ்வளவுதானா என்று அரசன் சிரித்தான். தோற்ற பிறகு எண்ணிப் பார்த்தால், அவன் களஞ்சியம் மட்டுமல்ல, நாட்டின் களஞ்சியங்கள் அனைத்தும் காணாது. கடனை உடனே தீர்க்க வேண்டாம், வரும் அடியார்களுக்குப் பாயசம் கொடுத்துத் தீர்த்துக்கொள் என்று கண்ணன் அருளினான் என்பது கதை.

அந்த அறுபத்து நான்கு கட்டங்களிலும் உள்ள அரிசியின் கூட்டுத்தொகை, 2இன் 64ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது. அந்தப் பலகையில் இன்னும் மூன்றே மூன்று கட்டங்களைக் கூட்டி, 67 கட்டங்களுக்கு அரிசி வைத்தால் வரும் கூட்டுத்தொகைதான் நான் மேலே எழுதிய எண். அதாவது 2ஐ 67 தடவை எடுத்துப் பெருக்கி, அதிலிருந்து 1ஐக் கழித்தது.

இத்தகைய எண்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஊரில் நாங்கள் முதன்மை எண் என்று படித்தது (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பகா எண் என்பார்கள்) உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறொன்றாலும் மீதியின்றி வகுபடாத எண் அது. 2இன் 3ஆம் வலு 8, ஒன்றைக் கழித்தால் 7, முதன்மை எண். 5ஆம் வலு 32, கழித்தால் 31, அதுவும் முதன்மை எண். 7ஆம் வலுவில் 127, அதுவும் அப்படியே. ஆனால் 11ஆம் வலுவில் வரும் 2047 நம்மை ஏமாற்றிவிடும். அது 23ஐ 89ஆல் பெருக்கியது.

இவ்வகை எண் முதன்மை எண்ணாக இருந்தால் அதிலிருந்து ஒரு நிறைவெண் கிடைக்கும். நிறைவெண் என்பது தன்னை விட்டு மற்ற எல்லாக் காரணிகளையும் கூட்டினால் தானே வரும் எண். 6ஐப் பாருங்கள்: 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 6. 28ம் அப்படியே. இந்தத் தொடர்பை யூக்கிளிட் காலத்திலேயே கிரேக்கர் அறிந்திருந்தனர். ஆகவே ஓர் எண்ணை எந்த வகுப்பில் வைப்பது என்பது அறிஞருக்குச் சிறிய கேள்வியாக இருக்கவில்லை.

துறவியின் பட்டியல்

பாரிசில் மெர்சென் என்று ஒரு கிறிஸ்தவத் துறவி இருந்தார். 1588இல் பிறந்து 1648இல் மறைந்தவர். தேக்கார்த், பெர்மா போன்ற பேரறிஞர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். அவர் 1644இல் ஒரு நூலின் முன்னுரையில், 2இன் எந்தெந்த வலுவில் ஒன்று கழித்தால் முதன்மை எண் வரும் என்று 257 வரை ஒரு பட்டியல் தந்தார். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்பதே அந்தப் பட்டியல். நமது எண் 67 என்ற இடத்தில் இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவர் காட்டவில்லை. பதினைந்து இருபது இலக்கங்கள் கொண்ட ஓர் எண் முதன்மை எண்ணா என்று சோதித்துப் பார்க்கக் காலமே போதாது என்ற கருத்தை அவரே எழுதியிருக்கிறார். என்றாலும் சொன்னவர் பெரியவர், சொன்னது அச்சில் வந்துவிட்டது, சோதிப்பதோ மிகக் கடினம். உலகம் ஏற்றுக்கொண்டது. நமது எண்ணுக்கு முதன்மை எண் என்ற பெயர் நிலைத்தது.

பிற்காலத்தில் பட்டியலில் ஐந்து பிழைகள் வெளிப்பட்டன. 67ம் 257ம் அதில் இருக்கக் கூடாதவை. 61, 89, 107 ஆகியவை இருந்திருக்க வேண்டியவை. 257 வரை முழுவதும் சரிபார்த்து முடிய 1947 ஆயிற்று. மெர்சென் 61 என்று எழுத நினைத்தது 67 என்று அச்சாகியிருக்கலாம் என ஊகிப்பவர்களும் உண்டு. இந்த ஊகத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

பிழை உண்டு, ஆனால் எங்கே?

1876இல் எடுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் நமது எண் முதன்மை எண் இல்லை என்று நிறுவினார். இதில் வியப்பு என்னவென்றால், அது எந்த எண்களால் வகுபடும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது. வகுபடும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

காரணியைக் காணாமலே வகுபடும் என்று எப்படிச் சொல்லலாம்? லூக்காவின் சோதனையைப் பின்னர் லேமர் என்ற அமெரிக்கர் 1930இல் எளிமையாக்கினார். அந்த வடிவத்தைச் சொல்கிறேன். 4இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்தில் 2ஐக் கழியுங்கள், 14 வரும். மீண்டும் வர்க்கித்து 2ஐக் கழித்தால் 194. சோதிக்கும் எண்ணை விடப் பெரிதானால் அதனால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 31ஐச் சோதிப்போம். 194ஐ 31ஆல் வகுத்தால் மீதி 8. அதன் வர்க்கம் 64, இரண்டைக் கழித்தால் 62. அது 31ஆல் மீதியின்றி வகுபடும். வலு 5 என்பதால் மூன்று படிகள், அதாவது வலுவிலும் இரண்டு குறைவாக. கடைசியில் பூச்சியம் வந்தால் முதன்மை எண்.

இதையே 2047க்குச் செய்து பாருங்கள். ஒன்பது படிகளின் முடிவில் 1736 மீதி வரும். பூச்சியம் வரவில்லை. ஆகவே 2047 முதன்மை எண் இல்லை. ஐயமே கிடையாது. ஆனால் 1736 என்ற விடையை எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும் 23 என்றோ 89 என்றோ அது சொல்லாது.

கணக்குத் துறையில் இருப்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம். பரீட்சை மீதியின் இரு பக்கமும் ஒத்துவராவிட்டால் பிழை உண்டு என்பது நிச்சயம். பேரேட்டின் எந்தப் பக்கத்தில், எந்த வரியில், யாருடைய கையால் என்று அந்த வித்தியாசம் சொல்லாது.

பேசாத பேச்சு

இன்னும் இருபத்தேழு ஆண்டுகள் சென்றன. 1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில், கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங் நெல்சன் கோல், பெரிய எண்களைக் காரணிப்படுத்தல் என்ற தலைப்பில் உரையாற்ற இருந்தார். அங்கே நடந்ததை பெல் என்ற கணித வரலாற்றாசிரியர் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். கோல் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகைக்குப் போனார். 2இன் 67ஆம் வலுவைக் கையால் கணித்து எழுதி ஒன்றைக் கழித்தார். பிறகு பலகையின் வெற்றுப் பகுதிக்குப் போய் இரண்டு எண்களை எழுதி, நாம் பள்ளிக்கூடத்தில் செய்த அதே நெடும் பெருக்கலைச் செய்தார்:

193,707,721 பெருக்கல் 761,838,257,287.

இரண்டு விடைகளும் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்திருந்தன. அவர் பேசாமலே போய் அமர்ந்தார். சபை கைதட்டியது. இந்தக் காரணிகளைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று பெல் ஒருமுறை கேட்டபோது, மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் சொன்னாராம்.

ஏன் அவ்வளவு காலம்? இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 134ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று ஒரு விதி உண்டு. (67இன் இரு மடங்கு 134.) அது பெரிய உதவிதான். ஆனாலும் 193,707,721 என்பது அந்த வரிசையில் 1,445,580ஆவது எண். இந்த வரிசையை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க ஒரு மனிதனால் இயலாது. கோல் மேலும் பல வடிகட்டல்களைப் பயன்படுத்தித்தான் அதை எட்டினார்.

இப்போது நமது எண்ணின் சரியான விபரத்தை எழுதலாம். அது ஒற்றை எண். முதன்மை எண் இல்லை, சேர்த்தி எண். அதிலும் சரியாக இரண்டு முதன்மை எண்களின் பெருக்கம். நிறைவெண்ணுக்கும் வெகு தூரம்: தன்னை விட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் 762,031,965,009தான் வரும். ஆகவே குறைவெண் என்ற வகுப்பில் சேரும். கணினி எழுதும் இரண்டடி முறையில் எழுதினால் அறுபத்தேழு ஒன்றுகள் வரிசையாக நிற்கும்.

சென்ற பனிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் குசினி மேசையில் தாள்களை ஒட்டி வைத்து அந்தப் பெருக்கலைச் செய்து பார்த்தோம். எட்டு வரிகள். முதல் தடவை பிழைத்தது, இரண்டாம் தடவை சரி வந்தது. கண்டுபிடிக்க மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள், சரிபார்க்க ஒரே மாலை. அந்த வித்தியாசம் அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு கேட்டாள்: "அப்பா, அப்ப அந்தச் சாமியார் பொய் சொன்னவரா?"

இல்லையம்மா, பிழை விட்டவர், அவ்வளவுதான் என்றேன். "பிழை விட்டவர் எண்டு எப்படித் தெரியும்? பொய்யும் சொல்லியிருக்கலாம்தானே?" என்றாள். அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. வந்தது வேறொரு முகம்.

540 ரூபா

2005ஆம் ஆண்டு. பல்கலைக்கழகம் முடித்து வவுனியாவில் ஒரு வியாபார நிலையத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். காசாளராக இருந்தவன் பத்தொன்பது வயதுத் தம்பி. தகப்பன் இல்லை. ஒரு மாத முடிவில் பெட்டியில் இருந்த காசை எண்ணிக் காசேட்டோடு ஒப்பிட்டேன். ஏட்டில் இருந்ததை விடப் பெட்டியில் 540 ரூபா குறைவு. முதலாளியிடம் போய், "காசில் 540 ரூபா குறையுது" என்றேன்.

அன்பர்களே, அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். எனக்குத் தெரிந்திருந்தது ஏடும் காசும் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும்தான். ஏடு சரி, காசுதான் பிழை என்று எனக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. ஏடு என் கையெழுத்து, காசுப் பெட்டி அவனுடையது. அவ்வளவுதான் காரணம். முதலாளி அவனைக் கூப்பிட்டார். அவன், "நான் எடுக்கேல்லை ஐயா" என்றான். அதற்கு மேல் அவனிடம் காட்ட ஒன்றுமில்லை. எடுக்காததை எப்படிக் காட்டுவது? சம்பளத்தில் 540 ரூபாவைப் பிடித்துக்கொண்டு அவனை நிறுத்திவிட்டார்கள். நான் பேசாமல் இருந்தேன். கோலும் பேசாமல்தான் இருந்தார். அவருக்கு முன்னால் கரும்பலகையில் சான்று இருந்தது. என் முன்னால் ஒன்றுமில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் வந்தார். கடனுக்குச் சாமான் எடுப்பவர், நாணயமானவர். "தம்பி, நான் கட்டினது 1,289 ரூபா. நீங்கள் 1,829 எண்டு கழிச்சிருக்கிறியள். எனக்கு வேண்டாம், திருத்துங்கோ" என்றார். பற்றுச்சீட்டின் அடிக்கட்டையைப் புரட்டினேன். தம்பியின் எழுத்தில் 1,289 என்று தெளிவாக இருந்தது. காசேட்டில் என் எழுத்தில் 1,829. வித்தியாசம் 540.

இலக்கங்கள் இடம் மாறுவது எங்கள் தொழிலில் மிகப் பழைய பிழை. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், முதலில் இலக்கம் மாறியிருக்கிறதா என்று தேடு என்பது கணக்குப் பழகுபவனுக்குச் சொல்லித்தரும் அரிச்சுவடி. 540 என்பது 9இன் 60 மடங்கு. எனக்கு அது தெரியும். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியவன். அன்றைக்குத் தேடவில்லை. பரீட்சை மீதி அழகாக ஒத்துவந்திருந்தது, ஏனென்றால் அந்தப் பிழை இரு பக்கமும் ஒரே மாதிரிப் பதிவாகியிருந்தது. ஒத்துவந்த கணக்கைப் பார்த்து என்னையே நான் சரி என்று எண்ணிக்கொண்டேன்.

ஒன்பதைத் தள்ளிப் பார்க்கும் சோதனையும் இங்கே உதவாது. அந்தச் சோதனையைப் பெரியவர்கள் அறிவார்கள். இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஓரிலக்கமாக்குவது. கோலின் இரண்டு காரணிகளும் இப்படிச் சுருங்கி ஒவ்வொன்றும் 1 ஆகும், ஒன்றை ஒன்றால் பெருக்கினால் 1. நமது பெரிய எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 109, அதுவும் 10 ஆகி 1 ஆகும். ஒத்துவருகிறது. ஒத்துவராவிட்டால் பெருக்கல் பிழை என்பது நிச்சயம். ஒத்துவந்தால் சரி என்பது நிச்சயமில்லை. 1,289க்கும் 1,829க்கும் இலக்கக் கூட்டு 20தான். இடம் மாறிய இலக்கத்தை அந்தச் சோதனையால் காணவே முடியாது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "காசு வந்திட்டுதுதானே, விடும்" என்றார். அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். தாயும் பிள்ளைகளும் வன்னிக்குள் சொந்தக்காரரிடம் போய்விட்டார்கள் என்றார்கள். 2006இல் மீண்டும் சண்டை மூண்டது. 2009இல் என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு செய்தியும் இல்லை. அவன் மனதில் இன்றும் அந்த 540 ரூபா இருக்கக்கூடும். அவனை அறிந்தவர்கள் மனதில் கள்ளன் என்ற சொல்லும் இருக்கக்கூடும்.

இருபத்தைந்தாம் மாதம்

வினை சுற்றி வரும் என்பார்கள். இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, விசாரணையில் என் இரண்டு படிவங்களை அருகருகே வைத்தார்கள். ஊரை விட்டு வெளிக்கிட்ட திகதி ஒன்றில் 03/07, மற்றதில் 07/03. "இரண்டு திகதி சொல்லியிருக்கிறீர். எது பொய்?" என்று கேட்டார்கள். எது பிழை என்று கேட்கவில்லை, எது பொய் என்றுதான் கேட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது என் காதில் என் குரல் கேட்கவில்லை. "நான் எடுக்கேல்லை ஐயா" என்ற குரல்தான் கேட்டது.

எனக்கு உதவியது ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, இந்த நாட்டவர், சம்பளமின்றி உதவி செய்தவர். ஞாயிறு பின்னேரங்களில் வந்து, என் தாள்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, வரி வரியாகப் பார்த்தார். நாலாவது ஞாயிறு ஓர் இடத்தில் விரலை வைத்தார். இரண்டாவது படிவத்திலேயே வேறொரு பக்கத்தில் 11/25 என்று ஒரு திகதி இருந்தது. இருபத்தைந்தாம் மாதம் என்று உலகில் எங்கும் இல்லை. ஆகவே அந்தப் படிவத்தைத் தட்டச்சுச் செய்தவர் மாதத்தை முன்னால் எழுதுபவர். நான் ஊர் வழக்கப்படி நாளை முன்னால் எழுதியவன். இரண்டும் ஒரே நாள், யூலை 3. அடுத்த விசாரணையில் அவர் அதிகம் பேசவில்லை. இரண்டு தாள்களையும் வைத்து அந்த 25ஐக் காட்டினார். அங்கே யாரும் கைதட்டவில்லை. ஆனால் என் வாழ்க்கை அந்த இடத்தில் திரும்பியது.

எண்ணுக்கு வலிக்காது

இப்போது நான் கேட்க விரும்பும் கேள்விக்கு வருகிறேன். ஒரு பிழை இருக்கிறது என்று மட்டும் நமக்குத் தெரியும்போது, எவ்வளவு சொல்லலாம்?

சிலர் சொல்லக்கூடும்: முழுவதும் தெரியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று. நான் அதை ஏற்கவில்லை. லூக்கா 1876இல் சொன்னது மிகவும் அவசியமானது. காரணி தெரியாது என்பதற்காக அவர் மௌனமாக இருந்திருந்தால் பிழையான பட்டியல் இன்னும் நீண்டகாலம் பிழைத்திருக்கும். பொதுப் பணம் எங்கே இருந்தாலும், சங்கமோ பள்ளிக்கூடமோ, கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அன்றைக்கே எழுந்து சொல்ல வேண்டும். அதை மறைப்பவன் அடுத்த பிழைக்குப் பங்காளி. ஆனால் லூக்கா தனக்குத் தெரிந்த அளவோடு நிறுத்தினார். மெர்சென் பொய்யர் என்று அவர் நிறுவவில்லை, நிறுவ முயலவும் இல்லை. ஒத்துவரவில்லை என்பதற்கும் அவன் எடுத்தான் என்பதற்கும் இடையே இருபத்தேழு வருடத் தூரம் இருக்கலாம். நான் அதை ஒரே வாக்கியத்தில் கடந்தேன்.

இன்னொன்று. கண்டுபிடிக்கும் உழைப்பு யாருடையது? சபையைப் பார்த்து, இது வகுபடாது என்று முடிந்தால் காட்டுங்கள் என்று கோல் சொல்லவில்லை. வகுபடும் என்று சொன்னவர் தன் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார், மற்றவர்களுக்கு ஒரு மணிநேரத்தில் சரிபார்க்கும்படி வைத்தார். குற்றம் சொல்கிறவனுடைய கடமையும் அதுதான் என்பது என் தாழ்மையான கருத்து. நாமோ நேர் எதிராகச் செய்கிறோம். சொல்கிறவருக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். சொல்லப்பட்டவர் வருடக்கணக்காகத் தன்னை நிரூபிக்க வேண்டும்.

மகளின் கேள்விக்கும் எனக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது. மெர்சென் பொய் சொன்னாரா, பிழை விட்டாரா, அச்சுக்கோத்தவர் 61ஐ 67 ஆக்கினாரா என்று நமக்கு நிரூபணம் இல்லை. நிரூபணம் இல்லாத இடத்தில் மூன்றில் மிக மோசமானதைத் தெரிந்தெடுக்க நமக்கு உரிமை இல்லை. அன்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கணக்கு ஒழுங்கும் இதையே சொல்கிறது: தெரியாத தொகையை நாங்கள் ஒருவர் தலையில் எழுதுவதில்லை, தொங்கல் கணக்கில் எழுதி வைக்கிறோம். வித்தியாசம் எங்கே இருந்து வந்தது என்று தெரியும்வரை அது அங்கே இருக்கும். மறைக்கப்படவும் இல்லை, எவர் மீதும் சுமத்தப்படவும் இல்லை. மனிதர் விடயத்திலும் நம் மனதில் ஒரு தொங்கல் கணக்கு வைத்துக்கொண்டால் எத்தனை வீடுகள் பேச்சு முறியாமல் இருந்திருக்கும்!

நமது எண் 1903இல் சேர்த்தி எண்ணாக மாறவில்லை. மெர்சென் பட்டியல் எழுதிய நாளிலும், கண்ணன் சதுரங்கம் ஆடிய நாளிலும் அது அந்த இரு காரணிகளின் பெருக்கமாகவே இருந்தது. நாம் எந்த வகுப்பில் போட்டாலும் உள்ளது உள்ளபடியே இருக்கும். உண்மையின் இந்தப் பொறுமை எனக்கு ஒருகாலத்தில் பெரிய ஆறுதலாக இருந்தது. முகாமில் என் பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிட்ட நாட்களிலும், நான் யார் என்பது அவர்கள் எழுதுவதால் மாறாது என்று எண்ணிக்கொள்வேன்.

ஆனால் அந்த ஆறுதலை மற்றவருக்குச் சொல்லித் தப்பிக்க எனக்கு உரிமை இல்லை. 232 ஆண்டுகள் தவறான பெயரோடு இருந்ததால் அந்த எண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை. எண்ணுக்கு வலிக்காது. அதற்குத் தாய் இல்லை, சம்பளம் இல்லை, கலியாணம் பேச வருபவர்கள் இல்லை. பத்தொன்பது வயதுப் பையனுக்கு நாலு மாதமே மிக நீண்டது. உண்மை ஒருநாள் வெளிவரும் என்று சொல்லிவிட்டு நாம் இருந்துவிடலாம். அது வெளிவரும்போது அவன் அங்கே இருக்க வேண்டுமே!

இன்று கணினிகள் நமது எண்ணைக் கண் இமைக்கும் நேரத்தில் காரணிப்படுத்திவிடும். 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் வகை முதன்மை எண்ணுக்கு நாலு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள். எண்களை வகுப்பதில் உலகம் எங்கோ போய்விட்டது. மனிதரை வகுப்பதில் நாம் இன்னும் 1644இலேயே நிற்கிறோம்: யாரோ பெரியவர் சொன்னார், எங்கோ அச்சில் வந்தது, அதனால் உண்மை.

பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள். எட்டு வரிகள், பொறுமை இருந்தால் முடியும். விடை பிழைத்தால், யார் பிழை விட்டது என்று கேட்பதற்கு முன், எந்த வரியில் என்று கேட்கப் பழக்குங்கள். நான் காலம் கடந்து பழகிக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்தத் தம்பி எந்த நாட்டிலாவது, எந்தக் கோயில் வீதியிலாவது இருந்து இதை வாசிப்பான் என்று எண்ணுவது பேராசை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். தம்பி, உன் அடிக்கட்டை சரியாக இருந்தது. பிழை என் வரியில்.